வேட்டியின் மடிப்பு எங்கே போனது?

அருப்புக்கோட்டையின் பழைய நெசவாளர் வீடுகளில் கூடத்துச் சுவரைப் பார்த்தால் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது தொங்கும். தாத்தாவும் பாட்டியும் வாசலில், உச்சி வெயிலில் நிற்பார்கள். தாத்தாவின் வேட்டி ஒரே வெள்ளைத் திட்டு. மடிப்பும் தெரியாது, கரையும் தெரியாது. மர நிழல் விழுந்த பாட்டியின் முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருக்கும். இந்தப் படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கினால் திட்டுதான் பெரிதாகிறது. ஆனால் இதே படத்தின் நெகட்டிவ் எங்காவது ஒரு பழுப்பு உறைக்குள் கிடைத்து, அதை ஒழுங்காக ஸ்கேன் செய்து பார்த்தால் வேட்டியில் மடிப்பு வந்துவிடுகிறது, கரைக்கோடு வந்துவிடுகிறது, நிழலுக்குள் கண்ணிமையும் தெரிகிறது. கேமரா ஒன்று, நொடியும் ஒன்று. அப்படியிருக்க, சுவரில் இருக்கும் படத்துக்கு மட்டும் மடிப்பு வராமல் போனது எப்படி?

இதற்குப் பதில் சொல்ல, படச்சுருளுக்குள் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. அதில் வெள்ளி புரோமைடு போன்ற உப்பின் நுண்படிகங்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஷட்டர் திறந்து மூடும் நேரத்தில் ஒரு படிகத்தின் மேல் ஒளி விழுந்தால் அதில் சில வெள்ளி அணுக்கள் உப்பிலிருந்து பிரிந்து ஓரிடத்தில் சேர்கின்றன. நான்கு அணுக்கள் சேர்ந்தாலே போதும், அந்தப் படிகம் ‘ஒளி பட்டது’ என்று குறிக்கப்பட்டுவிடும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத இந்தக் குறிகளின் தொகுப்பை உள்ளுறை பிம்பம் என்கிறார்கள். சுருளை டெவலப்பரில் போட்டதும் குறி விழுந்த படிகம் முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறுகிறது. குறி விழாதது அப்படியே நிற்கிறது. நான்கு அணுவில் தொடங்கிய மாற்றம் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெருகிவிடுகிறது. மீதி உப்பை ஹைப்போ என்ற கரைசல் கரைத்துக்கொண்டு போகிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்கு இயற்பியல் விளக்கம் கிடைத்தது 1938இல்தான். கர்னி, மாட் என்ற இரு ஆங்கில இயற்பியலாளர்கள் கொடுத்தார்கள். அதற்குள் உலகம் நூறு ஆண்டுகளாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒளி அதிகம் பட்ட இடத்தில் வெள்ளி அதிகம் சேர்வதால் அங்கே நெகட்டிவ் கறுப்பாகிறது. ஆகவே தாத்தாவின் வேட்டிதான் நெகட்டிவில் மிகக் கறுப்பான பகுதி. மடிப்புகள் அந்தக் கறுப்புக்குள் சற்றே குறைந்த கறுப்பாகப் பதிந்து கிடக்கின்றன.

எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு கறுப்பு? இதை முதலில் முறையாக அளந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தில் வேதித் தொழிற்சாலையில் வேலை செய்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும். ஒருவர் வேதியியலாளர், மற்றவர் பொறியாளர். கண்ணாடித் தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் மெழுகுவத்தி ஒளியை முன்னதைவிட இரண்டு மடங்கு நேரம் விழவைத்து, டெவலப்பரில் துலக்கி, எந்தப் பகுதி எவ்வளவு ஒளியை மறுபுறம் விடுகிறது என்று அளந்தார்கள். 1890இல் வெளியிட்ட அவர்களுடைய வரைபடம் இன்றும் படச்சுருள் தயாரிப்பின் அடிப்படை. கீழே ஒரு வளைவு, நடுவில் நீண்ட நேர்சரிவு, மேலே தோள் போன்ற இன்னொரு வளைவு. நடுச்சரிவில் இருக்கும்வரை படச்சுருள் நேர்மையான அளவுகருவி. தோளுக்கு மேலே போய்விட்டால் எவ்வளவு ஒளி விழுந்தாலும் எல்லாம் ஒரே கறுப்பு.

அந்தச் சரிவைப் படச்சுருள் செய்பவர்கள் வேண்டுமென்றே செங்குத்தாக இல்லாமல் மெல்லிய சாய்வாக வைக்கிறார்கள். வெயிலில் வெளுத்த வேட்டிக்கும் நிழலில் உள்ள கூந்தலுக்கும் ஒளி அளவில் 1000 மடங்கு வேறுபாடு இருக்கலாம். நெகட்டிவில் அது ஏறத்தாழ 60 மடங்காகச் சுருங்கிப் பதிகிறது. சுருங்கியதே தவிர, ஒன்றும் தொலைந்துவிடவில்லை.

தொலைவது தாளில். டார்க் ரூமில் நெகட்டிவ் வழியாக ஒளியைப் பாய்ச்சித் தாளில் படம் போடும்போது, நடுத்தர வகைத் தாள் நெகட்டிவில் உள்ள வேறுபாட்டில் 10 முதல் 15 மடங்கு வரைதான் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேற்பட்டது வெறும் வெள்ளையாகவோ வெறும் கறுப்பாகவோ ஆகிவிடும். தாளின் ஆகக் கறுப்பான பகுதியும் தன் மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் எவ்வளவு உயர்ந்த தாளானாலும் அதன் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே 100 மடங்கு வேறுபாடு கிடைத்தால் பெரிது. கைதேர்ந்த ஸ்டூடியோக்காரர், முகத்தின் மேல் விழும் ஒளியைக் கையால் மறைத்து, வேட்டியின் மேல் மட்டும் கூடுதல் நேரம் விழவைத்து மடிப்பைக் கொண்டுவந்துவிடுவார். ஆவணி முகூர்த்தத்தில் அடுக்கடுக்காகக் கல்யாணப் படங்கள் காத்திருக்கும்போது யாரால் அது முடியும்? முகம் நன்றாக வந்தால் போதும் என்று அளவு வைத்தார்கள். வேட்டி வெளுத்தது, நிழல் இருண்டது. மடிப்பு நெகட்டிவிலேயே தங்கிவிட்டது.

பிரிண்டைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து மறுபடியும் பிரிண்ட் போட்டால் இந்த இழப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் கூடும். திருச்சுழிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. ரமண மகரிஷி 1879இல் அங்கே பிறந்தவர். சிறுவயதில் எடுத்த படம் எதுவும் இல்லை. கிடைக்கும் முதல் படமே திருவண்ணாமலைக்கு வந்தபின், இருபது வயதை ஒட்டி எடுத்தது. ஆனால் பின்னாளில் அவரைப் படமெடுத்தவர்கள் பலர். பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த மார்பளவுப் படம்தான் இன்று வீடுகளிலும் கடைகளிலும் காலண்டர்களிலும் நாம் பார்ப்பது. நல்ல பிரிண்டில் அந்த வெண்தாடியின் ஒவ்வொரு இழையும் தெரியும். பிரிண்டிலிருந்து பிரிண்டாக வந்த காலண்டர் படத்தில் தாடி ஒரு வெள்ளைப் பட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, மூல நெகட்டிவுக்கு எவ்வளவு அருகில் போகிறோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று விளங்கிவிடும்.

இங்கேதான் ஸ்கேனர் வருகிறது. அதன் உள்ளே ஒளி உணரும் சில்லு இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய வகை அது. 2009இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சில்லின் ஒவ்வொரு நுண்ணறையும் தன் மேல் விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. ஒளி இரட்டித்தால் மின்னூட்டமும் இரட்டிக்கும். தாளுக்கு உள்ள குறுகிய கொள்ளளவு இதற்கு இல்லை. நெகட்டிவின் 60 மடங்கு வேறுபாட்டை நல்ல ஸ்கேனர் ஒரே வீச்சில் படித்துவிடும். அதன்பின் வேட்டிப் பகுதியை மட்டும் விரித்து, நிழல் பகுதியை மட்டும் உயர்த்தி, தாள் தாங்கும் அளவுக்குள் எல்லாவற்றையும் அமைப்பது கணினியில் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. அன்றைய ஸ்டூடியோக்காரர் கையை அசைத்துச் செய்ததைத்தான் இங்கேயும் செய்கிறோம். பிடிக்காவிட்டால் மறுபடி தொடங்கலாம் என்ற வசதி மட்டும் கூடுதல்.

படம் எப்படி எண்ணாகிறது என்று அருப்புக்கோட்டை நெசவாளரிடம் விளக்க வேண்டியதில்லை. சேலைக் கரைக்கு ஒரு மாங்காய்ப் பூ வேண்டுமென்றால் அதை முதலில் கட்டத் தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்விக்குப் பதில்: இந்த ஊடை ஓடும்போது இந்தப் பாவு இழையை மேலே தூக்க வேண்டுமா, வேண்டாமா? கட்டம் பெரிதாக இருந்தால் மாங்காயின் வளைவு படிக்கட்டாகிவிடும். கட்டத்தைச் சிறிதாக்கினால் வளைவு வழுவழுப்பாகும், வேலையும் கூடும். ஸ்கேனரும் நெகட்டிவின் மேல் இப்படி ஒரு கட்டத் தாளை விரிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. நெசவாளர் கட்டத்துக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில். ஸ்கேனர் கட்டத்துக்கு 8 பிட் முறையில் 256 சாயல்களில் ஒன்று. 16 பிட் முறையில் 65,536 சாயல்களில் ஒன்று. நெகட்டிவ் காட்சியைச் சுருக்கி வைத்திருக்கிறது என்று பார்த்தோம். சுருங்கியதை விரிக்கும்போது 256 படிகள் போதாமல் வானத்திலும் கன்னத்திலும் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். அதனால் நெகட்டிவை 16 பிட்டில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு ஜேபெக் பிறகு செய்துகொள்ளலாம்.

உலகில் முதன்முதலாக டிஜிட்டலாக ஸ்கேன் செய்த புகைப்படம் 1957இல் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையை எடுத்த படம். பக்கத்துக்கு 176 புள்ளி, அவ்வளவுதான். இன்று 35 மி.மீ. நெகட்டிவை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2 கோடிக்கு மேல் புள்ளிகள் கிடைக்கும். 12க்கு 18 அங்குலப் படத்தை லேபில் அச்சிட அது போதும். நம் ஊர்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த அக்ஃபா கிளிக் கேமராவும் ஸ்டூடியோக்களின் இரட்டை லென்ஸ் கேமராக்களும் 120 வகைச் சுருளில் சதுரப் படம் எடுத்தன. அதன் ஒரு பக்கம் 56 மி.மீ. அங்குலத்துக்கு 2400 புள்ளியிலேயே 2 கோடியே 80 லட்சம் புள்ளிகள் வந்துவிடும். எளிய பெட்டிக் கேமராவில் எடுத்த படம் இன்று சுவர் அளவுக்குப் பெரிதாக நிற்பதற்குக் காரணம் நெகட்டிவின் பரப்புதான்.

ஆனால் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விவரம் வந்துகொண்டே இருக்காது. 4000 புள்ளி அளவில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 6 மைக்ரான். வெள்ளித் துகள்கள் ஒன்றிரண்டு மைக்ரானும் அதற்குக் குறைவும். அவை குவிந்து நிற்கும் கொத்துகளே திரையில் மணல்மணலாகத் தெரிகின்றன. அந்த எல்லையைத் தாண்டினால் தாத்தாவின் படத்துக்குப் பதில் வெள்ளியின் படம்தான் பெரிதாகும். ஸ்கேனர் பெட்டியின் மேல் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க விமானப்படை 1951இல் வகுத்த ஒரு கோட்டு அட்டை உண்டு. நெருங்கி நெருங்கிச் செல்லும் கோடுகளில் எதுவரை தனித்தனியாகப் பிரிகிறது என்று பார்ப்பார்கள். 6400 என்று அச்சிட்ட மேசை ஸ்கேனர்கள் பல இந்தச் சோதனையில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். சில ஸ்கேனர்களில் ‘தூசி நீக்கு’ என்று ஒரு வசதி இருக்கும். கலர் நெகட்டிவை வைத்து அதை அழுத்தினால் கீறலும் தூசியும் மாயமாக மறைந்துவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவை வைத்து அதே பொத்தானை அழுத்தினால் முகமே குழம்பிப்போகும். கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். இல்லை. ஸ்கேனர் வழக்கமான ஒளியோடு அகச்சிவப்புக் கதிரையும் ஒருமுறை பாய்ச்சுகிறது. கலர் நெகட்டிவில் படத்தை உருவாக்குவது சாயங்கள். வெள்ளி முழுவதும் துலக்கும்போதே வெளியேறிவிடும். அந்தச் சாயங்கள் அகச்சிவப்பை மறிப்பதில்லை. தூசியும் கீறலும் மறிக்கின்றன. ஆகவே அகச்சிவப்புப் படத்தில் தெரிவதெல்லாம் அழுக்கு மட்டுமே. அந்த இடங்களைச் சுற்றியுள்ள புள்ளிகளைக் கொண்டு நிரப்பிவிடுகிறது மென்பொருள். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி உலோகம். அது அகச்சிவப்பை மறிக்கிறது. தாத்தாவின் வேட்டியை மென்பொருள் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைக்கப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மென்தூரிகையும் பொறுமையும்தான் வழி. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் முகச்சுருக்கத்தை மட்டுப்படுத்துவார்கள். ஸ்கேனில் அந்தப் பென்சில் கோடுகள் துல்லியமாகத் தெரியும். அழுக்கென்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். அது ஒருவரின் கைவேலை.

கலர் நெகட்டிவ் ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. அதில் உள்ள மூன்று சாயங்களும் சுத்தமானவை அல்ல. சிவப்பை மட்டும் தடுக்க வேண்டிய நீலப்பச்சைச் சாயம் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் தடுத்துவிடும். சாயம் எங்கே எவ்வளவோ அங்கே அவ்வளவு பிழை. இடத்துக்கு இடம் மாறும் பிழையைத் திருத்துவது கடினம். கோடாக் நிறுவனத்தின் வெஸ்லி ஹான்சன் 1940களில் இதற்கு ஒரு வழி கண்டார். சாயமாக மாறாமல் மிஞ்சும் வேதிப்பொருளுக்கே நிறம் கொடுத்தார். சாயம் உள்ள இடத்தில் சாயத்தின் பிழை, இல்லாத இடத்தில் மிச்சப் பொருளின் நிறம். இரண்டும் சேர்ந்து பிழை எங்கும் ஒரே அளவாகிவிட்டது. எங்கும் ஒரே அளவான பிழைதான் அந்த ஆரஞ்சு. அன்று டார்க் ரூமில் வடிகண்ணாடி போட்டுக் கழித்தார்கள். இன்று மென்பொருள் ஓர் எண்ணைக் கழிக்கிறது. சுருளின் ஓரத்தில் படம் விழாத ஆரஞ்சுப் பகுதியையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் எதைக் கழிக்க வேண்டும் என்பது சரியாகத் தெரிந்துவிடும்.

சரி, ஸ்கேன் ஆயிற்று, படமாக்க வேண்டும். டிஜிட்டல் பிரிண்ட் என்று நாம் லேபிலிருந்து வாங்கி வருவதில் ஒரு பகுதி இன்னும் வெள்ளி உப்புத் தாளில்தான் வருகிறது. ஃபியூஜியின் ஃபிராண்டியர் எந்திரம் 1996இல் வந்தது. அது நெகட்டிவை உள்ளேயே ஸ்கேன் செய்து எண்ணாக்கி, சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் புள்ளி புள்ளியாகத் தாளில் எழுதும். எழுதிய தாள் பழைய முறையிலேயே டெவலப்பரில் முங்கி, கழுவி, உலர்ந்து வெளியே வரும். ஊரில் டார்க் ரூம் மூடிவிட்டது என்று சொல்கிறோம். அந்த இருட்டு லேப் எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது.

எண்ணும் வேதியியலும் சேரும் இந்த இணைப்பை எதிர்த்திசையிலும் ஓட்டலாம். ஸ்கேன் செய்த படத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட்டால் பெரிய நெகட்டிவாக அச்சிட்டு, இரும்பு உப்புப் பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் நீலப் படம் கிடைக்கும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட முறை. பொறியாளர்களின் ‘புளூ பிரிண்ட்’ இதே வேதியியல்தான். டார்க் ரூம் வேண்டாம், தண்ணீரில் அலசினால் போதும். புற ஊதாக் கதிருக்கு விளக்கு வாங்க வேண்டிய நிலையில் நம் வானம் பார்த்த பூமி இல்லை. பங்குனி வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்கத் தகுந்த சோதனை இது.

கிடைக்காத விவரத்தை எந்தக் கருவியும் கொண்டுவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒளியே படாத நிழலில் வெள்ளி இல்லை. தோளுக்கு மேல் போன வெள்ளையில் வேறுபாடு இல்லை. இப்போது போனில் வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த இடத்தில் அழகான கண்ணையும் புருவத்தையும் வரைந்து தருகின்றன. அவை வேறு யார் யாருடைய முகங்களிலிருந்தோ கற்ற ஊகம். பார்க்க இனிமையாக இருக்கலாம். அது உங்கள் பாட்டியின் கண் அல்ல. ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் அதைக் கலக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கேன் செய்தபின் நெகட்டிவ் எதற்கு என்று பழைய கடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உருக்கினால் வெள்ளி கிடைக்கும் என்று ஸ்டூடியோக்களின் பழைய சுருள்கள் எடைக்குப் போயின. கண்ணாடித் தட்டுகளைச் சுரண்டி வெறும் கண்ணாடியாக்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கத் தொடங்கியபோது, போனது போக எஞ்சியதுதான் கிடைத்தது. இன்றைய ஸ்கேனர் படித்ததைவிட நாளைய ஸ்கேனர் கூடுதலாகப் படிக்கும். படிப்பதற்கு நெகட்டிவ் இருக்க வேண்டும்.

அதை வைத்திருப்பதில் நம் பக்கத்து வெக்கைக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் சுருளும் தாளும் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் குளிர்ந்த மலையில் இருந்தது. படங்கள் வந்து தங்கியது கரிசல் காட்டு வெயிலில். பெரும்பாலான பழைய நெகட்டிவ்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். கோடாக் 1948இல் டிரை அசிட்டேட் சுருளை அறிமுகப்படுத்தி பத்தாண்டு முடிவதற்குள் இந்தச் சிதைவைப் பற்றிய முதல் புகார் அங்கே போய்ச் சேர்ந்தது. அனுப்பியது இந்திய அரசு.

எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள பட நிலைப்பு ஆய்வகம் கண்டறிந்தது. நாற்பது ஆண்டு காத்திருக்காமல், சுருள்களைப் பல வெப்பநிலைகளில் அடுப்பில் வைத்து, சிதைவின் வேகம் சூட்டோடு எப்படிக் கூடுகிறது என்று அளந்து, அதிலிருந்து அறைச் சூட்டுக்குக் கணக்கிட்டார்கள். 21 டிகிரி, பாதி ஈரப்பதம் என்றால் புதுச் சுருளில் சிதைவு தலைகாட்டச் சுமார் 40 ஆண்டு. ஐந்தாறு டிகிரி கூடினாலே அது ஏறத்தாழப் பாதியாகும். காற்றில் ஈரம் குறைந்தால் நாள் நீளும். கடலோர ஊர்களில் ஜெலட்டினைத் தின்னும் பூஞ்சை நம்மிடம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மட்டும் கவனம் தேவை. ஆக வறட்சி நமக்கு உதவுகிறது, வெக்கை கெடுக்கிறது. தளம் காயும் மாடி அறை பீரோவை விட்டு, கீழ்த்தள உள்ளறைக்கு நெகட்டிவை மாற்றுவதே பெரிய காப்பு. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள். உறையைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அந்தச் சுருளை மற்றவற்றோடு வைக்காதீர்கள். தனியே எடுத்து, வரிசையில் முதலாவதாக அதை ஸ்கேன் செய்யுங்கள்.